உங்கள் வீட்டில் என்ன நட்டிருக்கிறீர்கள்?

வறண்டு கிடக்கும் மண்ணில் மழையை இறக்கி, அதிலிருந்து பசுமையை வெளிக்கொணர்ந்து, மனிதனுக்கும் மிருகத்துக்கும் பறவைக்கும் ரிஸ்க்கு அளித்துக் கொண்டிருக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும் உரித்தாகுக! அவனது திருத்தூதர், தம் பொற்கரத்தாலேயே பேரீச்சங் கன்றுகளை நட்டுக் காட்டிய பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே!

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதம் பிறப்பதற்குச் சற்று முந்திய ஒரு வெள்ளிக்கிழமை, மரம் நடுவதன் சிறப்பைப் பற்றி நாம் பயான் செய்தோம். ஆயத்துகளை அடுக்கினோம், ஹதீதுகளை விரித்தோம். ஜமாஅத்தாரும் தலையசைத்துக் கேட்டார்கள். நமக்குள்ளும் ஒரு திருப்தி. பள்ளிவாசல் ஒலிபெருக்கி அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும். தொழுகை முடிந்து நாம் வெளியே வருகையில், எட்டு வயதிருக்கும் ஒரு சிறுவன் ஓடிவந்து வழிமறித்தான்.

“ஹஜ்ரத், எங்க நன்னி ஸலாம் சொல்லச் சொன்னாங்க. மரம் நட்டா நன்மை நன்மைன்னு இவ்வளவு நேரம் சொன்னீங்களே, உங்க வீட்டுல என்ன நட்டிருக்கீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

நாம் வாயடைத்துப் போனோம். நம் வீட்டுக் கொல்லையில் இருபதடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் கொண்ட இடம் இருக்கிறது. அதில் இருந்தவை உடைந்த செங்கற்களும், துணி காயப் போடும் ஒரு கொடியும்தான். செய்யாததை ஏன் சொல்கிறீர்கள் என்று முஃமின்களைப் பார்த்து அல்லாஹ் கண்டிக்கும் இடம் ஸூரத்துஸ் ஸஃப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது. மதரஸாவில் தப்ஸீர் ஓதிய காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த ஆயத்துதான். அன்று அது ஒரு சிறுவனின் வாய்வழியாக நம்மை நோக்கி வந்தது.

“ஒன்றும் நடவில்லை என்று நன்னியிடம் சொல். இனி நடுகிறோம் என்றும் சொல்” என்று சொல்லியனுப்பினோம். அந்த வாக்கின் கதையே இந்தக் கட்டுரை. மார்க்கத்தைச் சொல்ல வந்தவர் தோட்டக் கணக்குப் பேசுகிறாரே என்று எவரும் நினைக்க வேண்டாம். இதில் தொழுகையின் சுத்தமும், அண்டை வீட்டாரின் ஹக்கும், தண்ணீரின் அமானத்தும், ஸப்ரும் ஷுக்ரும் அடங்கியிருக்கின்றன.

ஒரு பெண்மணியின் தோட்டத்தில்

முஸ்லிமான ஒருவர் மரமொன்றை நட்டாலோ, பயிரொன்றை விதைத்தாலோ, அதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்பதெல்லாம் அவருக்கு ஸதகாவாக எழுதப்படும் என்ற கருத்தில் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிமில் வரும் அறிவிப்போ இன்னும் ஒருபடி மேலே போகிறது. அதிலிருந்து திருடப்பட்டதும் நட்டவருக்கு ஸதகாவே என்கிறது அது.

இதே பொருளில் முஸ்லிமில் வரும் மற்றோர் அறிவிப்பைக் கவனியுங்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் உம்மு முபஷ்ஷிர் (ரலி) என்ற அன்சாரிப் பெண்மணியின் பேரீச்சந் தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, இதை நட்டவர் யார் என்று விசாரித்துவிட்டே இந்த நற்செய்தியைச் சொன்னார்கள். ஆகவே, “தோட்டம் துரவு ஆண்களின் வேலை” என்று நம் தாய்மார்கள் ஒதுங்கிக் கொள்ள வேண்டியதில்லை. அடுப்படிக்கும் கொல்லைக்கும் இடையே இருக்கும் பத்தடி தூரத்தில் இந்த நன்மை காத்துக் கிடக்கிறது.

நாம் செய்த முதல் பிழை

வாக்குக் கொடுத்துவிட்டோமே என்ற வேகத்தில், அந்த வாரமே செங்கற்களை அகற்றிக் கொல்லை முழுவதையும் கொத்திப் போட்டோம். பன்னிரண்டு வகை விதைகள் வாங்கினோம். ஒரு வண்டி பச்சைச் சாணத்தைக் கொண்டுவந்து அப்படியே மண்ணில் கலந்தோம். காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். பத்தாம் நாள் முளைத்தவை பதினெட்டாம் நாள் வாடின. கத்தரி நாற்று வேர் கருகிச் சாய்ந்தது, தக்காளி அழுகியது. மாதக் கடைசியில் மிஞ்சியது, நாம் விதைக்காமலே முளைத்த குப்பைமேனி மட்டுமே.

இந்தச் செய்தி நன்னியின் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். பேரனுடன் நேரிலேயே வந்துவிட்டார்கள். வயது எழுபதைக் கடந்தவர்கள். மண்ணை ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துவிட்டு, “தம்பி, சாணி மக்காம சூட்டோட போட்டா வேர் வெந்துடும். பிள்ளை பெத்த அன்னைக்கே பிரியாணி கொடுப்பீங்களா? மண்ணுக்கும் பக்குவம் வேணும்” என்றார்கள். அத்துடன் வேறொன்றும் சொன்னார்கள்: “எல்லாத்தையும் ஒரே நாள்ல நட வேணாம். ஒரு பாத்தி கீரை போடுங்க. அது வந்தா அடுத்தது.”

சகோதரர்களே! அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் உகந்தது, குறைவாக இருந்தாலும் இடைவிடாமல் செய்யப்படுவதே என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீதை நாம் தஹஜ்ஜுதுக்கும் திலாவத்துக்கும் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம். கீரைப் பாத்திக்கும் அதுவே பொருந்தும் என்பதை நன்னி சொல்லித்தான் உணர்ந்தோம்.

வீட்டுக்கு மட்டுமல்ல, நாட்டுக்கும் இது பாடம். 2021ஆம் ஆண்டில் இலங்கை அரசு நாடு முழுவதையும் இயற்கை வேளாண்மைக்கு மாற்றப் போவதாகச் சொல்லி, இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. மண்ணைப் பக்குவப்படுத்தவோ, போதிய இயற்கை உரம் தயாரிக்கவோ விவசாயிகளுக்கு அவகாசம் தரப்படவில்லை. விளைச்சல் சரிந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கிக் கொள்ளப்பட்டது. நோக்கம் நல்லதாயினும், அவசரம் அதைக் கெடுத்துவிட்டது. பல்லாண்டு இரசாயனத்தில் பழகிய மண் ஒரே நாளில் திருந்தாது.

செடிக்கா, மண்ணுக்கா உணவு?

இயற்கைத் தோட்டம் என்றால் என்ன? இரசாயன உரமும் பூச்சி மருந்தும் போடாமல் இருப்பது மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி விளக்கமே. இரசாயன உரம் செடிக்கு நேரடியாக ஊட்டுகிறது. இயற்கை உரமோ முதலில் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் மண்புழுவுக்கும் உணவாகிறது. அவை அதைச் சிதைத்துச் செடிக்கு ஏற்ற சத்தாக மாற்றித் தருகின்றன. ஆகவே இயற்கைத் தோட்டக்காரன் செடியை வளர்ப்பதில்லை, மண்ணை வளர்க்கிறான். செடியை வளர்ப்பவன் அல்லாஹ். நீங்கள் விதைப்பதைப் பார்த்தீர்களா, அதை முளைக்கச் செய்வது நீங்களா, நாமா என்ற பொருளில் அவன் ஸூரத்துல் வாகிஆவில் கேட்கும் கேள்விக்கு, ஒரு பிடி கீரை விதையைத் தூவிவிட்டு மூன்று நாள் காத்திருந்தவனைப் போல் வேறு எவராலும் பதில் சொல்ல முடியாது.

இது புதிய நாகரிகமுமன்று. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால் என்பவரும், அடுத்த நூற்றாண்டில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் என்பவரும் மண்ணின் வகைகளையும், எருவின் வகைகளையும், அதைப் பக்குவப்படுத்தும் முறைகளையும் பற்றி விரிவான நூல்கள் எழுதினார்கள். இப்னுல் அவ்வாமின் ‘கிதாபுல் பிலாஹா’ 1802ஆம் ஆண்டில் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் மத்ரித் நகரில் அச்சேறியது. நம் தமிழகத்திலே கோ. நம்மாழ்வார் அவர்கள் 2013ஆம் ஆண்டில் மறையும் வரை ஊர் ஊராக நடந்து இதையே சொன்னார்.

பூச்சி மருந்து என்று நாம் செல்லமாக அழைப்பது உண்மையில் நஞ்சு. அத்தகைய மருந்து தயாரித்த ஆலையொன்றிலிருந்து 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபால் நகரில் கசிந்த வாயு, உறங்கிக் கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டது. கேரளத்தின் காசர்கோடு பகுதியில் முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பான், 2011ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தால் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. தனக்கும் பிறருக்கும் தீங்கு விளைவிக்கலாகாது என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. விவசாயிகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களின் கடனும் கஷ்டமும் நமக்குத் தெரியும். ஆனால், பிழைப்புக்காகவன்றி வீட்டுக் கறிக்காக நாலு செடி வைப்பவருக்கு நஞ்சைத் தொட வேண்டிய நிர்ப்பந்தம் என்ன இருக்கிறது?

தொடங்கும் முறை

நாம் தட்டுத் தடுமாறிக் கற்றதையும், நன்னி கற்றுத் தந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலில் இடம். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாக இருக்கட்டும். நிழலில் காய் பிடிக்காது. கொல்லை இல்லாதவர்கள் மொட்டை மாடியில் தொட்டியோ, வளர்ப்புப் பையோ, பழைய வாளியோ வைத்துக் கொள்ளலாம். அடியில் துளையிட்டு, செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். வழியும் நீர் அண்டை வீட்டுச் சுவரில் இறங்காமல் பார்த்துக் கொள்வது அண்டை வீட்டாரின் ஹக்கு. ஏந்து தட்டுகளில் நீர் தேங்கினால் கொசு பெருகும். அது தெருவுக்கே செய்யும் தீங்கு.

அடுத்தது மண். தொட்டிக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மக்கிய எரு அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு என்ற கணக்கில் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து, நீர் தெளித்து ஒரு வாரம் ஆறவிட்டு விதைக்கலாம்.

எருவை வீட்டிலேயே செய்யலாம். ஒரு குழியோ, துளையிட்ட பழைய டிரம்மோ போதும். அடியில் காய்ந்த சருகு, அதன்மேல் காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு, மேலே மீண்டும் சருகு. காய்ந்தது இரண்டு பங்கு, ஈரமானது ஒரு பங்கு. பத்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டு, பிழிந்த துணியின் ஈரம் இருக்குமாறு பார்த்துக் கொண்டால், இரண்டு மூன்று மாதங்களில் மழை விழுந்த மண்ணின் வாசனையோடு கறுத்த எரு கிடைக்கும். துர்நாற்றம் வந்தால் ஈரம் மிகுதி, சருகைக் கூட்டுங்கள். இறைச்சி, எலும்பு, எண்ணெயில் சமைத்த பதார்த்தங்களைப் போட்டால் எலி வரும். ஆகவே அவற்றைத் தவிர்க்கவும்.

பிறகு விதை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் பெரியோர் வாக்கு. முதற்பயிர் சிறுகீரை அல்லது தண்டுக்கீரை. பொடி விதையாதலால் மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிதாக எரு தூவி, பூவாளியால் நீர் தெளித்தால் இருபத்தைந்து நாளில் சட்டிக்கு வரும். கை பழகியபின் வெண்டை. விதையை இரவு முழுவதும் ஊறவைத்து நட்டால் ஏறத்தாழ ஐம்பது நாளுக்குள் முதற்காய் பறிக்கலாம். அதன்பின் கொத்தவரை, கத்தரி, மிளகாய். பந்தலுக்கு இடமிருந்தால் சுரைக்கொடி. பெருமானார் (ஸல்) அவர்கள் விருந்தொன்றில் தட்டின் ஓரங்களில் சுரைத் துண்டுகளைத் தேடி உண்டதைக் கண்டு, அன்று முதல் சுரைக்காயை நேசிக்கலானார் அனஸ் (ரலி) அவர்கள். அந்த நினைவோடு ஒரு சுரை விதையை ஊன்றுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஒரு முத்து என்பது ஒரு லிட்டரை எட்டாத அளவு. நாமோ குழாயைத் திறந்துவிட்டு வாளிக் கணக்கில் சாக்கடைக்கு அனுப்புகிறோம். உளூச் செய்து வடியும் நீர் சுத்தமானதே; மீண்டும் உளூவுக்கு உதவாது என்பதைத் தவிர அதில் குறையில்லை. அதைச் செடிக்கு விடுவது முற்றிலும் ஆகும். நம் வீட்டில் உளூச் செய்யும் திண்ணையிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டினோம். ஐவேளை உளூ நீரில் ஒரு பாத்தி கீரை விளைகிறது. விரலை மண்ணில் ஓர் அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரமிருந்தால் அன்று நீர் வேண்டாம். தாகத்தால் இறக்கும் செடிகளைவிட, அன்பு மிகுதியால் நீரூற்றி நாம் கொல்லும் செடிகளே அதிகம்!

எரு தொட்ட கையும் தொழுகையும்

தோட்டம் போடச் சொன்னதும் தாய்மார்கள் முதலில் கேட்டனுப்பிய மஸ்அலா இதுதான்: “சாணம் தொட்டால் உளூ முறியுமா? அதில் விளைந்ததை உண்ணலாமா?”

மாட்டுச் சாணமும் ஆட்டுப் புழுக்கையும் ஹனபீ, ஷாபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் நஜீஸே. ஆனால் நஜீஸைத் தொடுவதால் உளூ முறியாது. பட்ட இடத்தைக் கழுவிவிட்டுத் தொழலாம். உலர்ந்த எரு, உலர்ந்த கையில் பட்டு ஒட்டாமல் உதிர்ந்துவிட்டால் அந்தக் கை நஜீஸாவதில்லை. தோட்ட வேலைக்கென ஒரு பழைய உடையை ஒதுக்கிக் கொண்டால் மனக்குழப்பமே இல்லை. நிலத்துக்கு எருவிடுவது கூடும். அதில் விளைந்த காயும் கீரையும் ஹலாலானவை. மேலே எரு பட்டிருந்தால் கழுவ வேண்டும். சாணம் மக்கி முற்றிலும் மண்ணாகவே மாறிவிட்டால் சுத்தமாகிவிடும் என்பது ஹனபீ மத்ஹபில் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கொள்கையை ஒட்டிய கருத்து. ஷாபிஈ மத்ஹபில் அவ்வாறன்று. எருவை விலைக்கு வாங்குவது ஹனபீயில் கூடும். ஷாபிஈகள் நஜீஸை விற்பனை செய்வது கூடாதாகையால், அதன் மீதுள்ள பாத்தியதையை விட்டுக் கொடுப்பதற்காகத் தொகை தருவதாகப் பேசிக் கொள்ள வேண்டும்.

சாணமும் கோமியமும் சேர்ந்த கரைசல்களைப் பயன்படுத்த மனம் ஒப்பாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. காய்கறிக் கழிவில் செய்த எருவும், கடலைப் புண்ணாக்கும், வேப்பம் புண்ணாக்கும் சுத்தமானவை. மீன் கழுவும் வீடுகளில் இன்னும் எளிது. மீன் கழிவும் அதே எடை வெல்லமும் கலந்து, மூடிய பாத்திரத்தில் மூன்று நான்கு வாரம் வைத்து வடிகட்டினால் மீன் அமிலம் தயார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி கலந்து தெளித்தால் செடி பச்சை கட்டும்.

பூச்சிக்கும் ஒரு நீதி

இரண்டாம் ஆண்டு வெண்டையில் அசுவினி அப்பியது. ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும், அது கரையச் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்து, வாரம் ஒருமுறை இலைகளின் அடியிலும் படுமாறு தெளித்தோம், கட்டுப்பட்டது. தேனீக்கள் பூவுக்கு வரும் காலை வேளையில் தெளிக்காமல் மாலையில் தெளிப்பதே முறை. பூவுக்கு வரும் தேனீ போன்ற பூச்சிகள் இல்லையேல் சுரையும் பீர்க்கும் காய்ப்பது அரிது. தேனீ என்னும் அந்தச் சிற்றுயிருக்கு அல்லாஹ் வஹீ அறிவித்ததாக ஸூரத்துந் நஹ்லில் சொல்கிறான். அதைக் கொல்வதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் வருகிறது.

இங்கே நம் குற்றம் ஒன்றை ஒப்புக் கொள்ள வேண்டும். முதல் ஆண்டிலேயே நன்னி தம் வீட்டு முருங்கையிலிருந்து ஒரு போத்து வெட்டியனுப்பி, கொல்லை மூலையில் ஊன்றச் சொன்னார்கள். அது தளிர்த்து மரமானது. மழைக்காலத்தில் ஒருநாள் அடிமரம் முழுவதும் கம்பளிப்பூச்சி மொய்த்தது. நம் ஊர் வழக்கப்படி துணிப்பந்தம் சுற்றி, மண்ணெண்ணெயும் ஊற்றிவிட்டோம். தீக்குச்சியைக் கிழிக்கும்போது நம் மனைவிதான் வாசலில் நின்று கேட்டார்கள்: “உயிருள்ளதை நெருப்பால் வேதனை செய்யும் உரிமை படைத்தவனுக்கு மட்டும்தான்னு போன வாரம் பயான் பண்ணுனீங்களே?”

குச்சி கையிலேயே அணைந்தது. கெட்டியான சோப்புக் கரைசலைப் பீய்ச்சி, நீண்ட துடைப்பத்தால் தள்ளிப் புதைத்தோம். ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று, அவ்வளவே. தீங்கு செய்யும் உயிரை அகற்றுவதற்கு ஷரீஅத்தில் அனுமதியுண்டு; வதைப்பதற்கு இல்லை.

பகிர்ந்தால் நிலைக்கும்

கீரை வந்தது, வெண்டை வந்தது, சுரையும் வந்தது. அவற்றோடு நம் உள்ளத்தில் ஒரு நோயும் வந்தது. அணில் கடித்த காயைக் கண்டால் கோபம். கிளி கொத்தினால் கோபம். ஒருநாள் பஜ்ருக்குப் பின் பார்த்தால், நாம் நாளெண்ணிக் காத்திருந்த சுரைக்காயை யாரோ அறுத்துச் சென்றிருந்தார்கள். அன்று முழுவதும் யாராக இருக்கும் என்று தெருவில் ஒவ்வொரு முகத்தையும் சந்தேகத்தோடு நோக்கினோம். சலாம் சொன்னவருக்குக்கூட மனம் நிறைந்து பதில் சொல்லவில்லை.

இரவில் கிதாபைப் புரட்டும்போது, நாமே பல முறை ஓதிக்காட்டிய ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு கண்ணில் பட்டது. திருடப்பட்டதும் ஸதகாவே! அல்லாஹ் நம் பேரில் எழுதிவிட்ட ஒரு நன்மைக்காக நாம் பகல் முழுவதும் முஸ்லிம்களைத் தவறாக எண்ணித் திரிந்திருக்கிறோம். காயை எடுத்தவருக்கு என்ன பசியோ, நாமறியோம். நம் சந்தேகத்துக்கு மட்டும் நாம் பதில் சொல்லியாக வேண்டும். அஸ்தஃபிருல்லாஹ்!

ஸூரத்துல் கலமில் வரும் தோட்டக்காரர்களை எண்ணிப் பாருங்கள். ஏழை எவரும் உள்ளே வந்துவிடாதபடி விடியற்காலையிலேயே அறுவடை செய்துவிடுவோம் என்று இரகசியமாகத் திட்டமிட்டார்கள். அவர்கள் உறங்கும்போதே தோட்டம் கருகிப் போயிற்று. அவர்கள் மண்ணில் குறையில்லை, நீரில் குறையில்லை. எண்ணத்தில்தான் குறை இருந்தது. வீட்டுக் கொல்லையில் விளைவதற்கு உஷ்ரு கடமையில்லைதான். எனினும் கடமையில்லாத இடத்தில் கொடுப்பதே கொடை. குழம்பில் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்புமாறு அபூதர் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அந்த அண்டை வீட்டாருக்கு ஒரு கட்டுக் கீரை கொடுக்க நமக்கு என்ன தடை? அவர் எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும் அண்டை வீட்டார் அண்டை வீட்டாரே. அன்று முதல் முதற்பறிப்பில் ஒரு பங்கைப் பிரித்து வைத்துவிடுகிறோம். அணிலின் பங்கு பற்றி இப்போது கேட்பதில்லை; அது தானே எடுத்துக் கொள்கிறது.

அந்தக் கேள்வி

போன ரமளானுக்கு முந்திய ரஜபு மாதத்தில் நன்னி வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர்கள் மகன் ஜனாஸாத் தொழுகைக்குப் பின் நம் கையைப் பிடித்துக் கொண்டு, “அம்மா விட்டுப் போனது ரெண்டு பழைய பெட்டியும், எங்க வீட்டு முருங்கையும்தான் ஹஜ்ரத்” என்றார்.

“இல்லை” என்றோம். நம் கொல்லை மூலையில் நிற்பதும் அவர்கள் அனுப்பிய போத்துதான். அதிலிருந்து வெட்டிக் கொடுத்த போத்துகள் எங்கள் தெருவில் ஒன்பது வீடுகளில் வேர்விட்டிருக்கின்றன. பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கீரையும், நோன்புக் கஞ்சிக்கு ஒரு பிடி இலையும் அவற்றிலிருந்தே போகின்றன. எங்கோ ஒரு வீட்டில் எவரோ ஒருவர் அதை ஒடிக்கும்போதெல்லாம், மண்ணுக்குள் இருக்கும் அந்தத் தாயின் ஏட்டில் ஒன்று எழுதப்படும் என்றே நாம் நம்புகிறோம். அவர்கள் மிம்பரில் ஏறியதில்லை, கிதாபு ஓதியதில்லை. ஒரு பேரனின் வாய்வழியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

அன்பர்களே! கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத்தே நெருங்கிவிட்டாலும், நட முடியுமானால் அதை நட்டுவிடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவியதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. பலனை உண்ண நாம் இருப்போமா என்பது நம் கணக்கில் இல்லை. ஒரு பிடி மக்கிய எரு, ஒரு பிடி விதை, உளூச் செய்த நீர், ஒரு பிஸ்மி. தொடங்குவதற்கு இவை போதும். இந்த ஆடியில் ஒரு பாத்தி கீரை போடுங்கள். அது வந்தபின் அடுத்ததை நினையுங்கள். பிறகு நம்மை எங்கேனும் கண்டால், நன்னி கேட்ட அதே கேள்வியை நாமும் கேட்போம். நீங்களும் நம்மைக் கேளுங்கள்.

வல்ல நாயன் நம் மண்ணையும் நம் மனங்களையும் பக்குவப்படுத்தி, சொல்வதைச் செய்பவர்களாகவும், விளைவதைப் பகிர்பவர்களாகவும் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! நட்டுவிட்டுச் சென்ற நம் முன்னோர்களின் கப்ருகளைச் சுவனத் தோட்டங்களாக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.